கழுவிய தரை

அந்த டாக்டரம்மாவின் கோட்டுப் பையில் ஊசி மருந்து இருக்கிறதோ இல்லையோ, ஒரு துண்டு சாக்பீஸ் கட்டாயம் இருக்கும். மாட்டு டாக்டருக்கு சாக்பீஸ் எதற்கு என்று முதல் நாள் நான் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். அன்று எங்கள் பால் சொசைட்டி வாசலில் மாடுகளுக்கு மருத்துவ முகாம். நான் அந்த சொசைட்டியில் டெஸ்டர். ஊர்ப் பாலில் கருவியை விட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா இல்லையா என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்வது என் வேலை. அடுத்தவர் பொய்யைக் கண்டுபிடித்துச் சாப்பிடுகிறவள் என்று ஊரில் எனக்குப் பெயர். அதனால் புதிதாக யார் வந்தாலும் ஓரக்கண்ணால் அளந்து பார்ப்பேன்.

திருப்புலிவனம் பக்கத்திலிருந்து ஒருவர் நொண்டுகிற மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். முன்னங்கால். தோள்பட்டை பிசகிவிட்டது, மேலே ஒரு ஊசி போட்டால் போதும் என்று அவரே வைத்தியமும் சொல்லிவிட்டார். தோளில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வேறு இழுத்திருந்தார்கள். டாக்டரம்மா மாட்டைத் தொடவே இல்லை. மண் ரோட்டில் ஒரு தடவை, சொசைட்டி வாசல் சிமெண்டில் ஒரு தடவை நடத்தச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அதன் பின்னாலேயே நடந்தார். கால் வைக்கும்போது தலை தூக்குகிறதா, எந்தக் காலில் பாரம் போடப் பயப்படுகிறது என்றுதான் பார்த்திருக்கிறார். எங்களுக்கு அது ஊர்வலம் போவது மாதிரி இருந்தது. பிறகு காலைத் தூக்கி, குளம்பைச் சுரண்டி, இரண்டு குளம்புக்கும் நடுவில் முறிந்து கிடந்த கருவேல முள்ளை எடுத்து அந்த ஆளின் உள்ளங்கையில் வைத்தார்.

தோளில் இருந்த சூட்டுத் தழும்பை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அவர் திட்டவில்லை. தன் கதையைச் சொன்னார். முன்பு வேலை பார்த்த ஊரில் இதே மாதிரி ஒரு மாட்டுக்குத் தோளில்தான் கோளாறு என்று நம்பி, அஞ்சு நாள் ஊசி போட்டாராம். குளம்பில் ஆணி இருந்ததாம்.

"அஞ்சு நாளும் அந்த மாடு என்னையேதான் பாத்துச்சு. எனக்குத்தான் புரியல. மேல தேடுறதுக்கு முன்னாடி கீழ பாத்துடணும்ணே," என்றார்.

எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது. ஆபீசர் என்று இருக்கிறவர் தான் செய்த தப்பை நாலு பேர் நடுவில், பால்கேன் வைத்துக்கொண்டு நிற்கிற ஜனங்களிடம் சொல்வாரா? இந்த அம்மா ரொம்ப நாள் தாக்குப் பிடிக்காது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

அவருக்கு எதையும் உடனே நம்ப முடியாது. அதுதான் அவர். மாட்டுக்காரர் சொல்வதை நம்ப மாட்டார், தன் கண்ணையும் நம்ப மாட்டார். சரியாகிவிட்டது என்றால் அதையும் நம்ப மாட்டார். மாகறலிலிருந்து ஒரு கிடேரி வந்தது. பின்னங்கால் திடீர் திடீரென்று பின்னால் நீட்டிக்கொண்டு, மடங்காமல் விறைத்துப்போய்விடும். கொஞ்ச தூரம் குளம்பு நுனியை இழுத்துக்கொண்டே போகும், அப்புறம் வெடுக்கென்று விடுபடும். வழக்கம்போல முதலில் குளம்பைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. கணுவிலிருந்து விரலால் அழுத்திக்கொண்டே மேலே போய், முட்டிச் சில்லு இடம் மாறி மாட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். மரத்துப்போக ஊசி போட்டு, முட்டிக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. வெட்டின அடுத்த நிமிஷம் அந்தக் கிடேரி சாதாரணமாக நடந்து போனது. கூட்டத்தில் கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு.

அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. இன்னொரு தடவை நடத்துங்க, திருப்புங்க, பின்னால தள்ளுங்க என்று மாட்டுக்காரரின் உயிரை எடுத்தார். நான் கொண்டுபோன டீ ஆடை கட்டிவிட்டது. அதான் நடக்குதே மேடம், இன்னும் இன்னா என்று கேட்டேன்.

"நடக்கணும்னு நாம எல்லாரும் ஆசப்படுறோம்லக்கா. அதான் இன்னொரு தடவ பாக்குறேன்," என்றார்.

நொண்டுகிற மாடு என்றால் அவர் கேட்கிற முதல் கேள்வி, விழுந்துச்சா என்பதுதான். இல்லை என்று சொன்னால் வேறு எதையோ பேசிவிட்டு மறுபடி கேட்பார். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது தடவை கேட்பார். ஜனங்களுக்குக் கோபம் வரும். ஒரு தடவ சொன்னா புரியாதா இந்தம்மாவுக்கு என்று என்னிடம் வந்து புலம்புவார்கள். ஆனால் அவர் அப்படிக் கேட்பதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாள் நானே பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு வீடு. மாட்டுக்கு முன்னங்கால் முழங்கை தொங்கிப்போய், காலை முன்னால் வைக்கவே முடியவில்லை. வாய்க்காலில் விழுந்துவிட்டது என்று வீட்டுக்காரர் சாதித்தார். மூன்றாவது தடவை கேட்டபோது கதவுக்குப் பின்னால் இருந்து அவர் பெண்சாதி, கட்டையால அடிச்சாரு மேடம் என்றாள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அந்த ஆள் முகம் செத்துப்போனது.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பி, "எனக்குச் சண்டை வேணாம்ணே. அடி எங்க விழுந்துச்சுன்னு மட்டும் விரல வச்சுக் காட்டுங்க," என்றார். காட்டினார். மேல்காலைச் சுற்றி வருகிற நரம்பு அந்த இடத்தில் நசுங்கியிருக்கிறது என்று சொல்லி, காலுக்குத் தப்பை வைத்துக் கட்டி, பத்து நாள் வந்து பார்த்தார். அந்த வீட்டில் அதற்கப்புறம் மாட்டை அடிக்கிற சத்தம் நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று யாருக்கும் புரியாது. ஒரு எருமை சப்பை நழுவி வந்தது. சப்பை என்றால் தொடை எலும்பு இடுப்பில் போய் உட்காருகிற இடம். அவர் சாக்பீஸை எடுத்து, இடுப்பு எலும்பு மேடு ஒன்று, வால் பக்கத்து மேடு ஒன்று, தொடை எலும்பின் தலை ஒன்று என மூன்று புள்ளி வைத்தார். அந்தப் பக்கம் போய் நல்ல காலிலும் மூன்று புள்ளி. தள்ளி நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் முக்கோணம் கோணலாக இருந்தது எனக்கே தெரிந்தது. எப்போது விழுந்தது என்று கேட்டார். மூன்று நாள் ஆகிறது, கை வைத்தியம் பார்த்தோம் என்றார்கள்.

அன்றைக்கே வந்திருந்தால் இழுத்து ஏற்றியிருக்கலாம், ஒரு நாள் தாண்டிவிட்டால் குழிக்குள் சதையும் ரத்தமும் அடைத்துக்கொள்ளும், எலும்பு திரும்ப உட்காராது என்று சொன்னார். அந்த வீட்டுப் பெண் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா ஸ்கூட்டியில் ஏறினவர், கிளப்பாமல் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் என் கண் எதிரில் நடந்தது. ஒரு நாள்தான் கெடு என்பது எனக்குத் தெரியும்.

இப்போது அவர் எந்த மாவட்டத்தில் எந்த மாட்டின் பின்னால் குனிந்து நடக்கிறாரோ தெரியாது. மாற்றலாகிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவரை நினைத்தால் எனக்கு அன்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. காரணம் என் செவலை.

செவலை நான் கன்றிலிருந்து வளர்த்த மாடு. பால் கறப்பதற்கு என் கைக்குத்தான் நிற்கும். இரண்டாவது ஈற்றில் கன்று பெரிசாகிவிட்டது. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து இழுத்துத்தான் வெளியே வந்தது. சாயங்காலம் செவலை ஒரு தடவை எழுந்து நின்றது. பின்னங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. உடனே உட்கார்ந்துவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். காலை ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவர், ஒவ்வொன்றாகச் சொன்னார். யாரும் அதைத் தூக்கி நிறுத்தக் கூடாது. மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்ப வேண்டும். சாணி கிடந்தாலும் பரவாயில்லை, தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். சரி மேடம், சரி மேடம் என்றேன்.

காலையில் சொசைட்டி வேலையை முடித்துவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் நாலு வீடு தள்ளி, வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு மணல் எடுத்துவரப் போயிருந்தார். கொட்டகைக்குள் போனால் மூத்திரம், சாணி, நஞ்சுக்கொடி விழுந்த கவிச்சி. டாக்டரம்மா என் வீட்டுக்கு அதுவரை வந்ததே இல்லை. மடியைக் கழுவாமல் கறந்தாயா, பாத்திரம் நாறுகிறது, எடுத்துக்கொண்டு போ என்று ஊரையே விரட்டுகிறவள் நான். அப்பேர்ப்பட்டவளின் கொட்டகை இப்படிக் கிடந்தால் அந்தம்மா என்ன நினைக்கும்? பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்றால் வாசலைக் கழுவித்தானே நமக்குப் பழக்கம். ஓரமாக மட்டும் கழுவிக்கொள்ளலாம், மாட்டுக்குக் கீழே போக வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வைக்கோலை ஒதுக்கினேன். இரண்டு பக்கெட் தண்ணீரை ஊற்றி, துடைப்பத்தால் பரபரவென்று தேய்த்தேன்.

மூன்றாவது பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது செவலை அதைப் பார்த்தது. தனக்குத்தான் குடிக்கத் தண்ணீர் என்று நினைத்துவிட்டது, பாவம். என் கைக்குப் பழகின மாடு. முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி எழுந்தது. ஈரச் சிமெண்டில் பின்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போயின. இடது பக்கமாக விழுந்தது. உள்ளே எதுவோ இடம் பெயர்கிற சத்தம் கேட்டது. அது கத்தவில்லை. மூச்சை மட்டும் பெரிசாக விட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோணிச் சாக்கை எடுத்துத் தரையைத் துடைத்தேன். ஒதுக்கின வைக்கோலைத் திரும்பப் பரப்பினேன். பக்கெட்டைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் கவிழ்த்தேன். மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இதையெல்லாம் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கையையே எனக்குப் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மணலோடு வந்து, "இன்னா ஆச்சி, ஒரு மாரியா கட்ந்துகினு கீதே," என்றார். ஒன்றும் ஆகவில்லை, ராத்திரியிலிருந்து அப்படியேதான் கிடக்கிறது என்றேன். அவர் நம்பினார். எனக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவர் நான் சொல்வதை நம்பாமல் இருந்ததில்லை.

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டி சத்தம். எழுந்திருக்காத மாட்டுக்கும் முதலில் நாலு குளம்பையும்தான் பார்த்தார். பிறகு பின்னங்கால்களைத் தூக்கி, மடக்கி, விரித்து, தோலைக் கிள்ளிப் பார்த்தார். எங்களை வைத்து மாட்டைப் புரட்டினார். சாக்பீஸ் வந்தது. புள்ளிகள் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். இடது பக்கம் தொடைமேல் வீக்கம் ஏறியிருந்தது. எலும்பு மேடு கைக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை. கன்று போட்டபோது வந்த வீக்கமா, வேறு வீக்கமா என்று அவருக்குச் சந்தேகம்.

விழுந்துச்சா என்று கேட்டார். இல்லை மேடம் என்றேன். கன்றைப் பார்த்தார், நஞ்சு எத்தனை மணிக்கு விழுந்தது என்று விசாரித்தார். விழுந்துச்சா என்று மறுபடி கேட்டார். இல்லை மேடம், ராத்திரியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, வைக்கோலில் என் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"அக்கா, கன்னு வரும்போது நரம்பு நசுங்கியிருந்தா, ரெண்டு காலையும் சேத்துக் கட்டிட்டுக் காத்திருந்தா போதும், தானா எழுந்துரும். விழுந்து சப்பை நழுவியிருந்தா இன்னைக்கே ஏத்தியாகணும். இந்த வீக்கத்துல எனக்குப் பிரிச்சுச் சொல்ல முடியல. நீங்கதான் சொல்லணும். விழுந்துச்சா?"

என் வீட்டுக்காரரும் என் முகத்தைப் பார்த்தார். அந்த எருமை என் கண்ணில் வந்தது, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற பெண் வந்தாள். இரண்டு தடவை சொன்னதை மூன்றாவது தடவை எப்படி மாற்றுவது என்கிற ஒன்றுதான் எனக்குப் பெரிசாக இருந்தது.

"இல்ல மேடம்," என்றேன்.

அவர் கையை மாட்டின் இடுப்பிலிருந்து எடுக்க மனசில்லாமல் வைத்திருந்தார். அப்புறம் நரம்புக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் ஊசி போட்டார். பின்னங்கால் இரண்டுக்கும் துணி சுற்றி, நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டுக் கயிற்றால் பிணைத்தார். மணலைக் கொட்டகை முழுக்கக் கனமாகப் போடச் சொல்லிவிட்டு உத்திரமேரூர் பக்கம் வேறு மாடு பார்க்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் மத்தியானம் வரைக்கும் நான் மனுஷியாக இல்லை. சமைத்தேன், உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. கன்றுக்குச் சீம்பால் கறந்து ஊட்டினேன், பாதி கீழே போனது. கடிகாரத்தைப் பார்ப்பேன், கொட்டகைக்குப் போவேன், திரும்பி வருவேன். எட்டரைக்கு விழுந்தது, இப்போது பத்தரை, இப்போது பதினொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே குழியில் ரத்தம் அடைத்துக்கொண்டே வருகிறது என்று தோன்றும். செவலை என்னைத் திரும்பிப் பார்க்கும். அன்று காலையில்தான் ஒரு பெண்ணை, பொய் சொல்லாதே, கருவி பொய் சொல்லாது என்று பத்துப் பேர் எதிரில் கத்தி அனுப்பியிருந்தேன். சீ என்று இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். அவர் எதிரிலேயே நின்றுகொண்டு என் பட்டன் போனில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"மேடம், விழுந்துடிச்சி. நான் தரைய கழுவிட்டேன். அப்பதான் விழுந்துது."

என் வீட்டுக்காரர் பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தார்.

"எந்தப் பக்கம் சறுக்குச்சு?" என்றார் டாக்டரம்மா. இடது என்றேன். எத்தனை மணி என்றார். சொன்னேன். "ஆறு ஆம்பளைங்க, ரெண்டு நீளக் கயிறு, ஒரு மெத்தையோ பழைய கோணிச் சாக்கோ எடுத்து வைங்க. வரேன்."

வந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மாட்டுக்கு மயக்க ஊசி போட்டு, இடது கால் மேலே இருக்கும்படி படுக்க வைத்தார். தொடை இடுக்கில் கோணியைச் சுற்றி ஒரு கயிறு கொடுத்து வேப்பமரத்தில் கட்டினார். இன்னொரு கயிற்றைக் கணுவுக்கு மேலே கட்டி ஆறு பேரிடம் கொடுத்தார். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, ஏரித் தண்ணீர் மதகில் இறங்குவது மாதிரி ஒரே சீராக இழுக்க வேண்டும் என்றார். அவர் தன் இரண்டு கையையும் தொடை எலும்பின் மேல் வைத்து, உடம்பு பாரம் முழுக்கப் போட்டு, காலைத் திருப்பச் சொல்லித் திருப்பச் சொல்லி அழுத்தினார். முதல் தடவை ஏறவில்லை. இரண்டாவது தடவையும் ஏறவில்லை. ஆட்களுக்குக் கை எரிந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, கொட்டகைக்குள் ஒரு சத்தம், டொக்கென்று.

எல்லாரும் ஆவென்று மூச்சு விட்டோம். அவர் விடவில்லை. சாக்பீஸால் புள்ளி வைத்து, நிமிர்ந்து, குனிந்து, மறுபடி கையால் தடவி, உட்கார்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். ஆனால் நிற்குமா, மறுபடி நழுவுமா, மாடு எழுந்து பாரம் போட்டால்தான் தெரியும். காலையிலேயே ஏற்றியிருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன் என்றார்.

கிணற்றடியில் அவர் கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். அழுதுகொண்டேதான் ஊற்றினேன். மன்னிச்சிடுங்க மேடம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மூணு தடவ கேட்டேன்," என்றார் அவர், தன் கையைப் பார்த்துக்கொண்டு. "எனக்குள்ள சந்தேகம் இருந்துச்சு. நாலாவது தடவ கேக்காமப் போயிட்டேன். தப்பு என்னோடதும்தான்."

அவர் என் கன்னத்தில் அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

மூன்று நாள். சொசைட்டிக்குப் போவேன், பாலில் கருவியை விடுவேன், எண் கண்ணில் ஏறாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலு பேரைக் கூப்பிட்டுச் செவலையைப் புரட்டிப் போட வேண்டும். என் வீட்டுக்காரர் முதல் நாள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள், இன்னாத்துக்கு என்கிட்டகூட சொல்லல என்று ஒரு தடவை கேட்டார், நான் தவிடு கரைக்கப் போய்விட்டேன், அவரும் விட்டுவிட்டார். டாக்டரம்மா தினமும் வந்தார், தொட்டுப் பார்த்தார், மணலைக் கிளறிச் சமன் செய்யச் சொன்னார், போனார். நல்ல வார்த்தை ஒன்று சொல்ல மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் காலை சொசைட்டியிலிருந்து திரும்பியிருந்தேன். என் வீட்டுக்காரர் புல் அறுக்கப் போயிருந்தார். கொட்டகையில் மணலை இழுத்துச் சமன் செய்துவிட்டு, கொஞ்சம் தள்ளித் தொட்டியில் தண்ணீரை வைத்து ஒதுங்கினேன். செவலை முன்னங்காலை மடக்கியது. பின்பக்கத்தைத் தூக்கியது, ஆடியது, நின்றது. கட்டின கயிற்றுக்குள்ளேயே சின்னச் சின்னதாக இரண்டு அடி வைத்து, தொட்டிக்குள் வாயை விட்டுக் குடித்தது. குடித்து முடித்துவிட்டு, உடம்பைச் சிலிர்த்து, அங்கேயே பக்கத்தில் மெதுவாகப் படுத்துக்கொண்டது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எழுந்துடிச்சி மேடம், ரெண்டு அடி வெச்சிது, தண்ணி குடிச்சிது என்று கொட்டினேன்.

"உங்க கூட வேற யாராவது பாத்தாங்களா?" என்றார்.

"இல்ல மேடம். நான் மட்டும்தான்."

"சரி. வரேன்."

அவ்வளவுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது? என் சொல்லுக்கு அந்த விலைதான்.

அவர் வந்தபோது செவலை படுத்தபடி ஒய்யாரமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. குத்தி எழுப்ப வேண்டாம், தானாக எழட்டும் என்றார். காத்திருந்தோம். புல்லுக்கட்டோடு வந்த என் வீட்டுக்காரர், நெசமாவே எழுந்துச்சா என்று கேட்டார். அவருமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆனது. டாக்டரம்மாவின் போன் இரண்டு தடவை அடித்தது. இதோ வருகிறேன் என்று யாருக்கோ சொன்னார். நான் செவலையின் காதோரம் குனிந்து, எழுந்துருடி, ஒரே ஒரு தடவ எழுந்துருடி என்று கெஞ்சினேன். அது என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

டாக்டரம்மா எழுந்து பையை எடுத்தார். போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொட்டிப் பக்கம் போனார். இங்கே யாராவது நடந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். முழங்காலை மடக்கி மணலில் உட்கார்ந்தார். முகத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வலது பின்குளம்பின் தடத்துக்குள் இரண்டு விரலை விட்டார். பிறகு இடது குளம்பின் தடத்துக்குள் விட்டார். மறுபடி வலது. மறுபடி இடது. அடுத்த அடியிலும் அதே மாதிரி பார்த்தார். இரண்டும் ஒரே ஆழமாக இருந்தன, இரண்டு காலிலும் பாரம் சமமாக விழுந்திருந்தது, நுனியை இழுத்த கோடு எங்கேயும் இல்லை. என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்துவிட்டு, ஆமா என்றார்.

டாக்டரம்மா முழங்காலில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்க சொன்னது நெசம்தான்க்கா," என்றார்.

மாடு எழுவதைப் பார்க்க அவர் காத்திருக்கவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். நான் அந்த மணலிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அதான் மாடு பொழச்சிக்கிச்சே, இன்னாத்துக்கு அழுவுற என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் மாட்டுக்காக அழவில்லை.